ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு

கேப்டன் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கணுக்காலை மூடுகிற பூட்ஸ் இல்லாத யாரும் மலைப்பாதையில் கால் வைக்கக் கூடாது.

கேப்டன் என்பது, திரைச்சீலை தைக்கும் பட்டறையில் ஓரம் மடித்துத் தைக்கிற பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பெண்களைத் திரட்டி மலைக்குக் கூட்டிப்போகும் பழக்கத்தைத் தொடங்கியவள் அவள்தான். ஒருமுறை ரப்பர் செருப்போடு வந்த ஒருத்தி ஈரப்பாறையில் சறுக்கி விழ, மற்றவர்கள் மாறி மாறி அவளைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டியதாயிற்று. சட்டம் அன்றைக்குப் பிறந்தது.

துணி வெட்டும் மேசையில் நிற்கிற அக்காவை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. அவள் மலை ஏறுவதே இல்லை. எல்லோரோடும் வேனில் வருவாள். பாட்டுக்குத் தாளம் போடுவாள். அடிவாரத்தில் இறங்கியதும் மூட்டு வலி என்று சொல்லி, அங்கிருக்கிற நிழற்கூரையின் கீழ் உட்கார்ந்துவிடுவாள். வேன் வேறு சவாரிக்குப் போய்ச் சாயந்தரம்தான் திரும்பும் என்பதால் அத்தனை பேருடைய பைகளும் அவள் காவலில் இருக்கும். அவளுடையது சும்மா இருக்கத் தெரியாத கை. அறுந்த வார், பல் போன ஜிப், பிரிந்த மூலை என்று எது கண்ணில் பட்டாலும் ஊசியையும் நூலையும் எடுத்துவிடுவாள். திரைச்சீலையின் தலைப்பில் வைத்துத் தைக்கிற கெட்டி நாடாவின் துண்டுகள் எப்போதும் அவள் பையில் சுருண்டிருக்கும். சாயந்தரம் இறங்கி வருகிறவர்கள் பையைத் தோளில் மாட்டும்போதுதான், போகும்போது அறுந்திருந்தது இப்போது அறுந்திருக்கவில்லை என்று கண்டுகொள்வார்கள். அதனால் அவளுக்குப் 'பை அக்கா' என்று பெயர்.

மூட்டில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. குறை பாதத்தில் இருந்தது. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் இடது பாதத்தை வளரவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டது. வலது பாதம் தன்பாட்டுக்கு வளர்ந்தது. இரண்டுக்கும் இடையில் இரண்டு அளவு வித்தியாசம். அவள் செருப்பு வாங்கினால் ஒரே மாதிரியில் பெரியது ஒரு ஜோடி, சிறியது ஒரு ஜோடி வாங்குவாள். பெரியதில் வலதையும் சிறியதில் இடதையும் போட்டுக்கொள்வாள். மிச்சம் இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போகும். மண் படாத செருப்பைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வந்ததில்லை. பட்டறையில் யாருக்கும் இது தெரியாது. தெரியாதபடி நடக்க அவள் பழகியிருந்தாள். மலையேறும் பூட்ஸ் மட்டும் கடையில் ஒரு ஜோடி வாங்கவே மூச்சு முட்டுகிற சாமான். இரண்டு ஜோடி என்பது பேச்சுக்கே இல்லை. ஆகையால் மூட்டு வலி.

இப்படியே போயிருக்கும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த, வளையம் பொருத்துகிற பெண் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் மலைப்பாதை எப்படியிருக்கும் என்று கேட்டாள். பை அக்கா சொன்னாள். முதலில் மூங்கில், அப்புறம் சாய்ந்து நிற்கிற பாறை, அதன் பின்னால் கையளவு சுனை, அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும், மேலே கிடைக்காது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மரங்கள் சட்டென்று நின்றுவிடும், காற்று முகத்தில் அறையும், மேகம் காலுக்குக் கீழே போகும். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "நீங்க எத்தனை தடவை ஏறியிருக்கீங்க அக்கா?" என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. அத்தனை வருடமும் மற்றவர்கள் கண்ணால் பார்த்ததைச் சேர்த்துவைத்து ஒரு மலையை அவள் மனசுக்குள் கட்டியிருக்கிறாள், அதில் ஒரு கல்லைக்கூடக் காலால் தொட்டதில்லை.

"இந்தத் தடவை ஏறப் போறேன்" என்றாள் பை அக்கா.

சொன்ன பிறகு அவளுக்குப் பயமாக இல்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கேப்டன் மட்டும் தலையை நிமிர்த்தி, "மூட்டு என்னாச்சு?" என்று கேட்டாள். அதைத் தான் பார்த்துக்கொள்வதாக இவள் சொன்னாள். பூட்ஸ் என்றாள் கேப்டன். அதையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

*

மிலிட்டரி கடையைப் பற்றிச் சொன்னது பை அக்காவின் நாத்தனார். தபால் பிரிக்கும் வேலையில் இருக்கிறவள், நகரத்தில் எந்தச் சந்தில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இராணுவத்தில் கழித்துவிடுகிற கூடாரம், கம்பளி, தண்ணீர்க் குப்பி, பூட்ஸ் எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். புதுப் பூட்ஸின் விலையில் அங்கே இரண்டு ஜோடி எடுத்துவிடலாம் என்று சொல்லித் தானும் கூட வந்தாள். வழியெல்லாம் அண்ணியைக் கிண்டல் செய்தாள். மலை ஏறி என்ன செய்யப் போகிறாய், கீழேயிருக்கிற எங்களைக் கூப்பிட்டு அதட்டப் போகிறாயா, அதை வீட்டு மாடியிலிருந்தே செய்கிறாயே என்றாள்.

கடை ஒரு பழைய கிட்டங்கி. உள்ளே தோலும் மெழுகும் நனைந்து உலர்ந்த கித்தானும் கலந்து மணத்தன. கடைக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூட்டை பிரித்ததும் ஒவ்வொரு பூட்ஸையும் கையில் எடுத்து, இதைப் போட்டு நடந்தவன் எங்கே இருந்தாலும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் துடைக்க ஆரம்பிப்பார். வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொள்வதில்லை. உதடு அசைவதை வைத்து, கிழவர் கணக்குப் போடுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

பை அக்கா பெரிய அளவும் சிறிய அளவும் கேட்டாள். பெரியது சுவர் நிறைய இருந்தது. சிறியதில் ஒரு ஜோடியும் இல்லை. அவ்வளவு சின்னக் கால்கள் இராணுவத்தில் கொஞ்சம், வந்தாலும் உடனே போய்விடும் என்றார். பிறகு அவள் காலைப் பார்த்துவிட்டு, பெரியதுதானே உங்களுக்குச் சரி, சின்னது யாருக்கு என்று கேட்டார்.

அவள் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ரெண்டும் அவங்களுக்குத்தான் அண்ணே. வலது கால் அண்ணன் மாதிரி, இடது கால் தம்பி மாதிரி. வீட்டுல கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி நிறைய ஜோடி இல்லாத செருப்பா வச்சிருக்காங்க."

பை அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனார் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கடைக்காரர் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நானும் வச்சிருக்கேன்" என்றார்.

அவர் காட்டியது கடையின் பின்பக்கம், ஜன்னலுக்கு எதிரே இருந்த ஓர் அலமாரி. மூட்டைகளில் சில சமயம் ஒற்றை பூட்ஸ் வந்துவிடும். ஜோடி வேறு மூட்டையில் போயிருக்கும், அல்லது எங்கேயோ நின்றுபோயிருக்கும். அந்த ஒற்றைகளை அவர் எறிவதில்லை. வரிசையாக அடுக்கி, தோல் வெடிக்காமல் அவ்வப்போது மெழுகு தேய்த்து வைத்திருந்தார். இதன் ஜோடி எங்கேயோ ஒரு மூட்டையில் இருக்கிறது, ஒரு நாள் வரும் என்பது அவர் நம்பிக்கை. இதுவரை ஏதாவது வந்திருக்கிறதா என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்றார். அதற்காக வராது என்று ஆகிவிடுமா என்றும் கேட்டார்.

மேல்தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு வலது பூட்ஸ் இருந்தது. யாரோ நிறைய நடந்தது, குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பை அக்கா அதை எடுத்து உட்கார்ந்து போட்டுப்பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அதற்கு நேர் கீழே, கடைசித் தட்டில், கறுப்பில் சின்னதாக ஓர் இடது பூட்ஸ். கட்டியிருந்த கயிற்றின் முடிச்சுகூட அவிழாமல் புதிதாக இருந்தது. அதையும் போட்டாள். எழுந்து நின்றாள். கிட்டங்கியின் சிமெண்டுத் தரையில் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். எந்தப் பக்கமும் இழுக்காமல், எதையும் மறைக்காமல் அப்படி நடந்து அவளுக்கு வெகு காலம் ஆகியிருந்தது.

கடைக்காரர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக இவை இரண்டும் ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக இருந்திருக்கின்றன. தினமும் அவர் கண்ணில் பட்டவைதான். ஒவ்வொன்றும் தன் ஜோடிக்காகக் காத்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஒன்றுக்கு மற்றதே ஜோடியாகலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சந்தோஷப்பட வேண்டியவர் கொஞ்சம் கலங்கினார்.

"நாளைக்கே இதோட நிஜ ஜோடி வந்துடுச்சுன்னா என்னம்மா பண்றது?"

"எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள் நாத்தனார். "பெட்டியில எடம் இருக்கு."

அப்போதுதான் அவர் சிரித்தார். இரண்டு பூட்ஸுக்கும் சேர்த்து ஒரு ஜோடியின் விலையைக்கூட வாங்க மறுத்து, இவள் பிடிவாதம் பிடித்த பிறகு ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, பழுப்புக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். இரண்டு பூச்சு போதும், காய்ந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. "யாரும் கண்டுபிடிக்க முடியாதும்மா" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவளும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கடையின் மூலையில் சாய்த்துவைத்திருந்த கண்ணாடியில் தன் கால்களைப் பார்த்தாள். ஒன்று நிறைய நடந்து வந்தது. ஒன்று ஓர் அடிகூட நடக்காதது. இரண்டும் இப்போது ஒன்றாக நின்றன.

"வேண்டாம் அண்ணே" என்றாள். "இப்படியே இருக்கட்டும். அழகாத்தான் இருக்கு."

நாத்தனார் முதல்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. கடைக்காரர் மட்டும் கறுப்புப் பூட்ஸின் அடித்தோலை விரலால் அழுத்திப்பார்த்து ஓர் எச்சரிக்கை சொன்னார். நடந்து தேய்ந்ததை நம்பலாம். நடக்காமலே வருடக்கணக்கில் இருந்ததில் உள்ளே பசை விட்டுப்போயிருக்கலாம். மலைக்கு முன்னால் வீட்டில் போட்டு நடந்துபார்க்கச் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். அவள் கணவர் படிக்கட்டின் கீழே உட்கார்ந்து, ஒரு வாரமாக வீட்டுக்குள் அணிவகுப்பு நடக்கிறது, இன்னும் சம்பளம் வந்தபாடில்லை என்றார். பூட்ஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன.

*

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏறும்போதே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வளையம் பொருத்துகிற பெண்தான் முதலில் சொன்னாள், அக்கா அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று. வேன் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. வீட்டில் இன்னொரு ஜோடியும் இதே மாதிரி இருக்குமே என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் பை அக்காவுக்குக் காது சூடாயிற்று. ஆமாம், அவசரத்தில் மாறிவிட்டது, இதோடு ஏற முடியாது, நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அந்த நிழற்கூரைக்கே திரும்பிவிட அப்போதும் வழி இருந்தது.

அவள் இரண்டு கால்களையும் நடைவழியில் நீட்டினாள்.

"மாத்திப் போடல. எனக்கு ஒரு கால் பெருசு, ஒரு கால் சின்னது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதான் ரெண்டு விதமா வாங்கினேன்."

சிரிப்பு அடங்கியது. கேப்டன் முன் இருக்கையிலிருந்து திரும்பி அந்தக் கால்களை உற்றுப் பார்த்தாள். தையல்காரியின் கண், அளவு அதற்குத் தப்பாது.

"அப்ப மூட்டு வலி?"

"மூட்டு கல்லு மாதிரி இருக்கு."

"இத்தனை நாளும் எங்களை ஏமாத்தினீங்களா?"

"ஏமாத்தினா என்ன? பை எல்லாம் பத்திரமா இருந்துச்சுல்ல."

கேப்டன்தான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு வேனில் பாட்டு வழக்கம்போல் ஆரம்பித்தது.

அடிவாரத்தில் ஒரு புதுச் சங்கடம் எழுந்தது. பைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்லோரும் தத்தம் பையைத் தாங்களே சுமக்க வேண்டியதாயிற்று. அரை மணிகூட நடப்பதற்குள் முனகல் கிளம்பிவிட்டது. பை அக்காவை மேலே கூட்டிவந்தது தப்பாய்ப் போயிற்று என்று ஒருத்தி சொல்ல, உன் பையில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய், கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா, பாதி பையில் நொறுக்குத் தீனிதான் என்றாள் இவள். மூங்கில் வந்தது. சாய்ந்த பாறை வந்தது. அவள் மனசுக்குள் கட்டியிருந்ததைவிட அது சின்னதாக இருந்தது. சுனை பெரியதாக இருந்தது. அதில் கையை விட்டு, தண்ணீர் குடித்து, யாருக்கும் கேட்காமல் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

சுனையைத் தாண்டிய ஏற்றத்தில்தான் கறுப்புப் பூட்ஸ் வாயைத் திறந்தது. முன்பக்கம் அடித்தோல் பிரிந்து, அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் தட் தட் என்று அடித்தது. கடைக்காரர் பயந்தது பயந்தபடி நடந்துவிட்டது. அவள் சத்தம் கேட்காதபடி நடந்துபார்த்தாள், முடியவில்லை. கேப்டன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள்.

சட்டம் சட்டம்தான். கிழிந்த பூட்ஸோடு மேலே போகக் கூடாது என்றாள் கேப்டன். துணைக்கு ஒருத்தியை அனுப்புவதாகச் சொல்லி, இறங்கிவிடச் சொன்னாள். அடுத்த மாதம் வரலாம், மலை எங்கேயும் போகாது. கேப்டன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவளே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பை அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். கழற்றினதும் அந்தச் சின்னப் பாதம் எல்லோர் முன்னாலும் வெளிச்சத்தில் இருந்தது. அதை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பூட்ஸைத் திருப்பிப் பிரிந்த இடத்தை ஆராய்ந்தாள். தோல் நன்றாக இருக்கிறது, பசைதான் போயிருக்கிறது, இழுத்துக் கட்டினால் நிற்கும் என்றாள். கெட்டியான நாடா வேண்டும். அவள் பையில் ஊசி இருந்தது, நூல் இருந்தது. இன்றைக்கு ஏறப்போகிறோம் என்று பாரத்தைக் குறைக்க, நாடாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வளையம் பொருத்துகிற பெண் தன் சால்வையைக் கிழிக்கட்டுமா என்று கேட்டாள். அது தாங்காது.

அப்போது கேப்டன் தன் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். அதன் தோள் வார்கள் இரண்டும் போன வருடம் அறுந்து, பை அக்கா நிழற்கூரையின் கீழ் உட்கார்ந்து மாற்றித் தைத்தவை. திரைச்சீலைத் தலைப்பின் கெட்டி நாடா, இரட்டை மடிப்பு, நெருக்கமான தையல். கேப்டன் சின்னக் கத்தரியால் ஒரு வாரைக் கத்தரித்துக் கொடுத்தாள். பையை ஒரு தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்றாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தன் பையின் இடுப்பு வாரை அவிழ்த்தாள். அதுவும் பை அக்கா தைத்ததுதான். வேறொருத்தி தண்ணீர்க் குப்பி தொங்குகிற வாரை நீட்டினாள். நன்மை செய்கிறவர்கள் அதை எங்கே போட்டோம் என்று மறந்துபோகிறார்கள். கடவுள் மறப்பதில்லை. நமக்குத் தேவையான இடத்துக்கு அதை முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

ஊசி பிடிக்கிற பத்துப் பேர் ஒரு பூட்ஸைச் சுற்றி உட்கார்ந்தால் யோசனைக்குப் பஞ்சமா? குறுக்காகக் கட்டு என்றாள் ஒருத்தி. இல்லை, முதலில் நடுப்பாதம் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் பை அக்கா சொன்னபடிதான் நடந்தது. விரலுக்குப் பின்னால் ஒரு சுற்று, குதிகாலோடு ஒரு சுற்று, இரண்டையும் இணைத்து மேலே ஒரு தையல். கேப்டன் அதை இழுத்துப்பார்த்தாள். முறுக்கிப்பார்த்தாள். தரையில் ஓங்கி அடித்துப்பார்த்தாள். பட்டறையில் ஓரம் அடித்த திரைச்சீலையை அனுப்புவதற்கு முன் சோதிக்கிற அதே முகம்.

"பாஸ்" என்றாள். "நட அக்கா. நீ முன்னால போ. உன் வேகத்துக்கு நாங்க வர்றோம்."

மரங்கள் சட்டென்று நின்ற இடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. அதைப் பற்றி எல்லோரும் சொன்னது சரிதான். மேகத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. அது காலுக்குக் கீழே போகவில்லை, கால் வழியாகவே போயிற்று. கறுப்பும் பழுப்பும் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போய், பிறகு ஈரத்தோடு மெல்லத் தெரிந்தன.

*

அடுத்த வாரம் அவள் மிலிட்டரி கடைக்கு மறுபடி போனாள். வாரோடு இருந்த கறுப்புப் பூட்ஸைப் பார்த்துக் கடைக்காரர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். தன் தவறு என்று வருந்தினார். புது அடித்தோல் போட்டுத் தருவதாகச் சொன்னார். போடுங்கள், ஆனால் அந்த வாரை மட்டும் எடுக்காதீர்கள் என்று சொல்லி, அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

வாசலில் நாத்தனார் மூச்சு வாங்க ஒரு பெட்டியை இறக்கினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி. இடதில் பெரியது, வலதில் சிறியது, மண் படாத செருப்புகளும் ஷூக்களும் அதில் இத்தனை வருடமாகச் சேர்ந்து கிடந்தன. மலையை ஏறினவங்க சும்மா வர்றாங்க, ஏறாதவ பெட்டி தூக்கிட்டு வர்றேன் என்று நாத்தனார் முணுமுணுத்தாள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, மேல்தட்டிலும் கடைசித் தட்டிலும் காலியாக இருந்த இடங்களில் அடுக்கினார். அவர் உதடு அசைந்தது. கணக்கா என்று நாத்தனார் கேட்க, இல்லை, போட்டு நடந்தவர்கள் நல்லபடியாக வீடு சேர வேண்டிக்கொள்வது என்றார். இவற்றைப் போட்டு யாரும் இன்னும் நடக்கவில்லையே, என்னவென்று வேண்டிக்கொள்வார் என்று பை அக்கா நினைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"இடது பெருசு, வலது சின்னதுன்னு யாரு அண்ணி இதைத் தேடி வரப்போறாங்க?"

"நான் வந்தேன்ல" என்றாள் பை அக்கா. குனிந்து பெட்டியின் அடியில் கடைசியாக இருந்த செருப்பை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தாள்.